தலைகீழாய்த் தொங்கிய கற்றாழை

அந்தக் காலத்தில் செடிகொடிகள் வாய் திறந்து பேசும். கண்ணேறுக்கும் கைகால் உண்டு. கொள்ளிக்கண்ணன் என்று பெயர். தோளில் துண்டோடு ஊர் ஊராய் நடப்பான். "அடேயப்பா, என்ன மடி!" என்று அவன் வாய்பிளந்தால் போதும், பசுவுக்குப் பால் வற்றிவிடும். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று சும்மாவா சொன்னார்கள்?

உலகம்மாளின் முதல் இரண்டு பிள்ளைகளும் அவன் பார்வை பட்டுத்தான் தங்காமல் போயின. மூன்றாவதாகக் கொம்பையா பிறந்ததும், இந்த ஊரே வேண்டாமென்று புருஷனோடு வேற்றூருக்குக் குடிபோனாள். கொல்லையில் நின்ற கற்றாழையையும் வேரோடு பிடுங்கிக்கொண்டாள். குழி தோண்டும்வரை இருக்கட்டும் என்று புது வீட்டு வாசல் நிலையில், வேரில் கயிறு கட்டித் தொங்கவிட்டாள். அப்புறம் பிள்ளை வளர்க்கிற மும்முரத்தில் அதை அடியோடு மறந்துபோனாள்.

எட்டு மாதம் போயிற்று. கொம்பையா கொழுகொழுவென்று வாசலில் தவழ்ந்துகொண்டிருந்தான். அடுப்படியிலிருந்து உலகம்மாள் எட்டிப் பார்த்தாள். வாசலில் கொள்ளிக்கண்ணன்! பிள்ளையைப் பார்க்க அவன் குனிந்தான். கற்றாழை முள் நெற்றியில் சுருக்கென்று குத்த, நிமிர்ந்தான்.

"ஏ கத்தாழ, இது என்ன கோலம்? மண்ணு எங்க?"

"மண்ணும் இல்ல, தண்ணியும் இல்ல. கட்டிப்போட்டவ மறந்துட்டா. எட்டு மாசமா தலகீழாத்தான் கெடக்கேன்."

அதுவரை அடுத்தவர் செழிப்பை மட்டுமே பார்த்த கண்கள் அவை. "அட பாவமே!" என்றான். பொறாமைப்பட இங்கே என்ன இருக்கிறது? வாழ்க்கையில் முதல் தடவையாக அவனுக்கு அழுகை வந்தது. கண்ணில் இருந்த கொள்ளி அந்த ஈரத்தில் அப்போதைக்கு அவிந்துபோயிற்று. துண்டால் முகத்தைத் துடைத்தபடியே, பிள்ளையைப் பார்க்காமல் போய்விட்டான்.

உலகம்மாள் ஓடிவந்து பிள்ளையை வாரி அணைத்தாள். போன உயிர் திரும்பி வந்தது. அழுகையும் சிரிப்புமாகக் கடப்பாரையை எடுத்தாள்.

"உன்ன மறந்துட்டேனே! இப்பவே நட்டுடுதேன்."

"வேண்டாம் தாயி. நட்டா நானும் கொழுத்துருவேன். நாளைக்கு அவன் வந்து பாத்தா பொறாமதான படுவான்? எனக்கு இது பழகிட்டு."

"தண்ணியாவது ஊத்தட்டா?"

"காத்து போதும். பிள்ளயப் பாரு, போ."

அன்று முதல்தான் கற்றாழை மண்ணும் தண்ணீரும் இல்லாமல் வாசலில் தலைகீழாய்த் தொங்கியும் வாடாமல் இருக்கிறது. நாமும் அதைக் கட்டிய கையோடு மறந்துவிடுகிறோம், அது கோபித்துக்கொள்வதில்லை.