சாமியின் குரலைச் சமப்படுத்தியவர்

எங்கள் மடத்துச் சாமி இருந்தவரை சிதம்பரநாதன் அண்ணாச்சி இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. வானொலியில் ஒலிப்பதிவு வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகுதான் வந்து சேர்ந்தார். சாமியின் பேச்சு இருந்த கேசட்டுகள் பூஞ்சை பிடித்துக் கிடந்ததைப் பார்த்துப் பதறிவிட்டார். ஒவ்வொன்றாகத் துடைத்து, ஓட்டி, கம்ப்யூட்டரில் ஏற்றினார். மனுஷன் சோறு தண்ணி பார்க்கவில்லை.

சாமிக்குப் பிறகு எங்களுக்குக் குரு கோமதியம்மா. அண்ணாச்சியைவிட வயதில் சின்னவர். ஒரு சாயங்காலம் அவர் எதிரே பாயைப் போட்டு உட்கார்ந்து, அண்ணாச்சி பேச்சை ஓடவிட்டார்.

"நார்மலைஸ் பண்ணிட்டேம்மா. சாமி ஒரு நேரம் அதட்டுறாங்க, ஒரு நேரம் முணுமுணுக்கிறாங்க. எல்லாத்தையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டாந்தாச்சு. பின்னால கேட்ட இரைச்சலையும் எடுத்துட்டேன்."

அடேயப்பா, என்ன தெளிவு! சாமி திட்டினால் தெருக்கோடிக்குக் கேட்கும். சாவைப் பற்றிப் பேசினால் மட்டும் குரல் அடியோடு இறங்கிவிடும். இப்போது இரண்டும் ஒன்றுபோல் கணீரென்று வந்தது. 

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவங்க குரலேதான். ஆனா அவங்க முன்னால உட்கார்ந்த மாதிரி இல்லையே, அண்ணாச்சி."

அண்ணாச்சிக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"நேர்ல பாக்கத்தான் எனக்குக் கொடுத்துவைக்கலை. குரலையாவது நல்லபடியா வச்சுக்கலாம்னு பார்த்தேன். பழைய பதிவு கம்ப்யூட்டர்ல அப்படியே இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்கு. அழிச்சுடட்டுமா? கேசட்டையும் தூக்கிப் போட்டுடலாம். அழிச்சா திரும்பக் கிடைக்காது, அதான் உங்களைக் கேக்கேன்."

 அம்மா தலையைக் குனிந்துகொண்டு என்னவோ சொன்னார். உதடு அசைந்ததுதான் தெரிந்தது.

"என்னம்மா சொன்னீங்க?"

அதே மெதுவில் மறுபடியும் சொன்னார்.

அண்ணாச்சி பாயைச் சரசரவென்று இழுத்துக்கொண்டு நகர்ந்தார். அப்போதும் கேட்கவில்லை. இன்னும் இழுத்து, முழங்கால் இடிக்கிற அளவுக்கு வந்து காதைக் கொடுத்தார்.

"சாமி குரல் இறங்கினா நாங்க அத்தனை பேரும் இப்படித்தான் பாயை இழுத்துக்கிட்டுக் கிட்ட வருவோம்" என்றார் அம்மா. "இரைச்சல்னு நீங்க எடுத்தது அந்தச் சத்தந்தான். அதுல என் பாயும் இருக்கு, அண்ணாச்சி."