வண்டி திரும்பும் வீடு

வல்லபுரி என்று ஒரு தலைநகரம் இருந்தது. ராஜா யார் என்று கேட்காதீர்கள். அவருக்கு இந்தக் கதையில் வேலை இல்லை. அரண்மனையில் தூங்கட்டும். நாம் உப்பு வியாபாரி நாகலிங்கத்திடம் வருவோம்.

நாகலிங்கம் கெட்டிக்காரர். அளவையில் ஏமாற்ற மாட்டார், ஏமாறவும் மாட்டார். தொல்லை ஒன்றே ஒன்றுதான். அவர் குடியிருந்தது ஒரு குறுகல் சந்து. உப்பு வண்டி உள்ளே போகும், திரும்பாது. மாடு பின்பக்கமாக நடக்குமா? நடக்காது. தினமும் வண்டியைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். தினமும் பானைக்காரியின் கடையில் பானை உடையும். தினமும் அவள் வாயில் நாகலிங்கத்தின் ஏழு தலைமுறையும் உருளும்.

"சொந்தமா ஒரு வீடு வாங்கணும்," என்றார் மனைவி தெய்வானையிடம். "மாடமாளிகை வேண்டாம். வண்டி திரும்பினால் போதும்."

தேடினார். முதலில் பார்த்த வீடு மூன்று மாடி. வாசலில் செருப்பு விட இடமில்லை. அடுத்த வீட்டில் சுவரெல்லாம் சித்திரம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் இங்கே கூடத்தில் தூறல் விழும். மூன்றாவதாகப் பார்த்தது எண்ணெய் வியாபாரி பெத்தபெருமாள் என்ற கிழவரின் வீடு.

வீடா அது? ஓர் அறை, ஓர் அடுப்படி. நாட்டு ஓடு. நிமிர்ந்து நுழைந்தால் நிலைப்படி நெற்றியைப் பதம் பார்க்கும். அதுவும் மனையின் ஒரு மூலையில், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பெட்டி மாதிரி ஒதுங்கிக் கிடந்தது. மனையோ ஏர் பூட்டி உழலாம், அவ்வளவு அகலம். நட்டநடுப் பட்டணத்தில்! நாகலிங்கம் வீட்டைப் பார்க்கவே இல்லை. மண்ணைத்தான் பார்த்தார்.

பெத்தபெருமாள் பாதி விலைதான் சொன்னார். அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அந்த ஊரில் ஒரு வழக்கம். வீட்டை விற்பவர் வாசலில் நின்று, தெருக்காரர்களைச் சாட்சியாக வைத்து, ஒரே ஒரு நிபந்தனை சொல்லலாம். அதற்கு வாசற்சொல் என்று பேர். மூன்று வருஷம் நிறைகிற நாளில் அவர் வந்து பார்ப்பார். அன்று பொழுது சாய்வதற்குள் சொல் நிறைவேறினால் வீடு வாங்கினவருக்கே நிலைக்கும். நிறைவேறாவிட்டால் வீடு, மனை, அதில் கட்டினது எல்லாம் விற்றவருக்குத் திரும்பும். கொடுத்த விலையும் போச்சு.

பெத்தபெருமாள் வாசற்சொல் சொன்னார். "ஒரு வண்டி உள்ளே வரணும். மாட்டை அவிழ்க்காம, பின்னுக்குத் தள்ளாம, திரும்பி வெளியே போகணும். அவ்வளவுதான்."

நாகலிங்கம் வயிறு குலுங்கச் சிரித்தார். "அதுக்காகத்தானய்யா வாங்குறேன்!"

சிரித்த வாயோடு வாங்கினார். முதல் நாளே உப்பு வண்டி உள்ளே வந்து, பெரிதாக ஒரு வட்டம் போட்டுத் திரும்பியது. தெருவில் இருந்த விறகு வண்டி, வைக்கோல் வண்டி எல்லாம் அங்கேதான் வந்து திரும்பின. தெய்வானை யாரையும் தடுக்கவில்லை.

முதல் வருஷம் மழையில் உப்பு கரைந்தது. ஒரு கொட்டகை போட்டார். தேவைதான். வண்டி தாராளமாகத் திரும்பியது.

இரண்டாம் வருஷம் மாடு நனைந்தது. ஒரு தொழுவம் கட்டினார். அதுவும் தேவைதான். வண்டி பார்த்துத் திரும்பியது.

மூன்றாம் வருஷம் சகலை வந்தார்.

சகலை என்றால் தெய்வானையின் தங்கை புருஷன், அருணகிரி. சகலைக்குச் சகலை எப்படி இருப்பார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வந்தவர் நிலைப்படியில் நெற்றியை இடித்துக்கொண்டார். தடவிக்கொண்டே சொன்னார்: "என்ன சகலை, உப்பு வியாபாரம் பண்ணிப் பண்ணி வீடும் உப்பு மாதிரி கரைஞ்சுக்கிட்டே வருதா? நாலு பெரிய மனுஷங்க வந்தா எங்கே உட்கார வைப்பீங்க? மாட்டுக்குப் பக்கத்துலயா?"

அன்று ராத்திரி நாகலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் ஆள் வைத்து அஸ்திவாரம் தோண்டினார்.

மண்டபம் எழுந்தது. வேங்கை உத்தரம். கடைந்தெடுத்த தூண். இன்னும் வண்டி திரும்பியது, மூச்சைப் பிடித்துக்கொண்டு.

"படி இல்லாத மண்டபம் என்ன மண்டபம்?" என்றார் சகலை. படி வைத்தார்.

"படி இருக்கு, பக்கத்துல யானை இல்லையே?" என்றார் சகலை. படிக்கு இரண்டு பக்கமும் இரண்டு கல் யானை வைத்தார்.

அதோடு சரி. வண்டி திரும்பவில்லை. உப்பு மூட்டையை வாசலிலேயே இறக்கித் தலைச்சுமையாகத் தூக்கினார்கள். தெருக்காரர்களின் வண்டிகளும் பழையபடி பின்னுக்கே போயின, திட்டிக்கொண்டே.

"ஏங்க, வண்டி திரும்பலை," என்றாள் தெய்வானை. "கிழவர் வந்தா வீடு போயிடும்."

"அவர் எங்கே வரப்போறார்? தள்ளாத வயசு," என்றார் நாகலிங்கம். சொன்ன வாய் கூசியது. ஆனாலும் சொன்னார்.

தள்ளாத வயசுக்காரர் குறித்த நாளில், உச்சி வெயிலில், வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்து வந்து சேர்ந்தார். பக்கத்தில் ஒரு தச்சர். தச்சர் கையில் முழக்கோல்.

வண்டி உள்ளே வந்தது. திரும்பப் பார்த்தது. நுகத்தடி கல் யானையின் நெற்றியில் போய் இடித்தது. அந்தப் பக்கம் தொழுவம், இந்தப் பக்கம் யானை. மாடு நின்றுவிட்டது. தச்சரோ குதித்து இறங்கித் தூணை அளக்க ஆரம்பித்தார்.

"போன தடவை தேக்கு," என்றார் பெத்தபெருமாளைப் பார்த்து. "இந்தத் தடவை வேங்கை. நல்ல விலை போகும் முதலாளி."

"போன தடவையா?" என்றார் நாகலிங்கம்.

விறகு வண்டிக்காரர் மதில் மேல் சாய்ந்துகொண்டு சொன்னார்: "இந்த வீட்டை இவர் ஏற்கெனவே ரெண்டு பேருக்கு வித்திருக்கார். ரெண்டு பேரும் மனை சும்மா கிடக்குதேன்னு கட்டினாங்க. வண்டி திரும்பலைன்னு இவர் வீட்டைத் திரும்ப எடுத்துக்கிட்டு, கட்டினதைப் பிரிச்சு மரத்தையும் கல்லையும் வித்துட்டு, மறுபடி ஆள் தேடுவார்."

"முன்னாடியே சொல்லக் கூடாதாய்யா?"

"சொல்லத்தான் வந்தோம். செருப்புக் காலோட படி ஏறாதேன்னு விரட்டிட்டீங்க."

பெத்தபெருமாள் வெற்றிலை மடித்தார். "நான் யாரையும் கட்டச் சொல்லலியே," என்றார்.

உண்மைதான். அவர் சொல்லவில்லை. அதுதான் நாகலிங்கத்துக்குச் சுருக்கென்று தைத்தது.

"ஆள் பிடிச்சு வண்டியைத் தூக்கித் திருப்பிடறேன்!"

"தூக்கு. மாட்டை அவிழ்க்காம தூக்கு," என்றார் கிழவர்.

"அந்தப் பழைய வீட்டை இடிச்சுடறேன்! இடம் கிடைக்கும்!"

"மூலையில கிடக்கிற வீடு உங்களை என்னங்க பண்ணிச்சு?" என்றாள் தெய்வானை. "அதை இடிச்சுட்டு யானை முதுகுல அடுப்பு மூட்டுறதா?"

நாகலிங்கம் தலையில் கை வைத்துப் படியில் உட்கார்ந்தார். கடன் இல்லாமல், பொய் சொல்லாமல் சேர்த்த காசில் வாங்கின வீடு. மறுபடி அந்தச் சந்து. மறுபடி அந்தப் பானைக்காரி.

தெய்வானை வானத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு கிழவரிடம் போனாள். "பெரியவரே, உங்க வண்டி எங்கே நிக்குது?"

"உள்ளேதான்."

"வெளியே போயிடுச்சா?"

"திரும்ப இடமில்லையே, எப்படிப் போகும்?"

"அப்போ வாசற்சொல் இன்னும் முடியலை. பொழுது சாயுற வரைக்கும் நேரம் இருக்கு. இருங்க, மோர் கொண்டு வர்றேன். மாட்டை அவிழ்த்துடாதீங்க. அவிழ்த்தா உங்க சொல்லை நீங்களே மீறினதாயிடும்."

கிழவரின் வெற்றிலை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

தெய்வானை திரும்பி வந்து புருஷன் முன்னால் நின்றாள். கையில் கடப்பாரை. நீட்டினாள்.

நாகலிங்கம் கடப்பாரையைப் பார்த்தார். வேங்கை உத்தரத்தைப் பார்த்தார். மண்டபத்துக்குள் திண்டில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த சகலையைப் பார்த்தார். விருந்துக்கு வந்தவர் அவர். வந்தால் மாதக்கணக்கில் இருப்பார்.

எழுந்தார். முதல் குத்து படியில் விழுந்தது. இரண்டாவது குத்து யானையின் பீடத்தில். மூன்றாவது குத்து தூணின் அடியில்.

சகலை அலறிக்கொண்டு வெளியே ஓடி வந்தார். "சகலை! என்ன பண்றீங்க? ஊர் சிரிக்கும்!"

"சிரிக்கட்டும். நீ அந்தப் பக்கம் உத்தரத்தைப் பிடி."

"நானா?"

"கட்டச் சொன்ன வாய்தானே? கையும் வேலை செய்யட்டும். பிடிடா!"

உறவான நாளிலிருந்து முதல் தடவையாகச் சகலையை 'டா' போட்டார். உடம்பு இலேசாக இருந்தது.

விறகு வண்டிக்காரர் மதிலைத் தாண்டிக் குதித்தார். பின்னாலேயே வைக்கோல் வண்டிக்காரர். அவர் பின்னால் தெருவே வந்தது. ஆளுக்கொரு கடப்பாரை. இத்தனை நாள் வண்டியைப் பின்னுக்குத் தள்ளிய கடுப்பு எல்லாருக்கும் கையில் இருந்தது. "எங்கே இடிக்கணும்? சொல்லுங்க, எங்கே இடிக்கணும்?" என்று கேட்டுக் கேட்டு இடித்தார்கள்.

"ஐயோ, என் மண்டபம்!" என்று கத்தினார் பெத்தபெருமாள்.

"இருட்டின பிறகுதான் பெரியவரே உங்களுது," என்றாள் தெய்வானை. "மோர்ல உப்பு போதுமா?"

மேற்கே வானம் சிவந்தது. கடைசித் தூணைப் பெயர்த்து ஓரமாகப் போட்டார்கள். கல்லை ஒதுக்கினார்கள். நாகலிங்கமே மூக்கணாங்கயிற்றைப் பிடித்து மாட்டை நடத்தினார். வண்டி அசைந்தது. வளைந்தது. ஒரு சக்கரம் தொழுவத்துச் சுவரை லேசாக உரசியது. வண்டி திரும்பி, வாசலைத் தாண்டி, வெளியே போய் நின்றது. அதற்குப் பிறகுதான் சூரியன் மறைந்தது.

வீடு நின்றது.

"பத்து வருஷ வியாபாரம்," என்றார் பெத்தபெருமாள், யாரிடமும் இல்லாமல். "போச்சு." வண்டிக்காரனை முதுகில் தட்டினார். வண்டி போயிற்று.

தச்சர் மட்டும் போகவில்லை. முழக்கோலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நாகலிங்கத்திடம் வந்தார். "உத்தரம் விலைக்கு உண்டா, முதலாளி?"

கொடுத்துவிட்டார். கல் யானை இரண்டையும் சகலை வீட்டுக்கு அனுப்பி வைத்தார். அன்றிலிருந்து சகலை தன் வீட்டுக்குள் பக்கவாட்டில்தான் நுழைகிறாராம். நுழையட்டும்.

கதை இவ்வளவுதான், எழுந்து போவதற்கு முன் இதைக் கேட்டுக்கொண்டு போங்கள்: இடம் சும்மா கிடக்கிறதே என்று ஊர் சொல்லைக் கேட்டு நிரப்புகிறவன், தான் எதற்காக அதை வாங்கினானோ அதையே இழப்பான்.