தென்காசிக்காரர்களுக்கு ஒரு வரி

சிற்றாற்றங்கரை ஆசிரமத்தில் குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். குரு கோமதி அம்மையாருக்கு இன்னும் தலை நரைக்கவில்லை. சீடர் திருமலையப்பனுக்கோ நரைப்பதற்கு முடியே மிச்சமில்லை. சென்னையில் காலமெல்லாம் கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதி ஓய்வு பெற்றவர், மனைவி போன பிறகு இங்கே வந்து சேர்ந்தார். ஞானம் தேடி வந்த மனிதரைக் கொண்டுபோய் ஆசிரமத்தின் கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார வைத்துவிட்டார்கள். அவரும் அதற்காக வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை.

அங்கே பௌர்ணமிதோறும் சாப்பாடு உண்டு. அதற்கு முன்பே அன்பர்கள் எல்லோருக்கும் ஒரு கடிதம் போகும். வெளியூர்க்காரர்களுக்கு வாழ்த்து மட்டும். தென்காசிக்காரர்களுக்குக் கடைசியில் ஒரு வரி கூடுதலாக இருக்கும்: ‘பக்கத்தில்தான் இருக்கிறீர்கள், சாப்பிட வந்துவிடுங்கள்.’

அதுவரை கையால் எழுதிய கடிதத்தை அந்த மாதம் திருமலையப்பன் கம்ப்யூட்டரில் தயாரித்தார். பௌர்ணமி அன்று பந்தியில் ஆளே இல்லை. சாம்பார் அண்டா வைத்தது வைத்தபடி இருந்தது.

மறுநாள் காலை அம்மையார் கம்ப்யூட்டர் அறைக்கு வந்தார்.

“நேத்து தென்காசி ஊரே விரதமா ஐயா?”

“தப்பு என்மேலதான் அம்மா. அந்தக் கடைசி வரி யாருக்குமே அச்சாகல.”

“ஏன்?”

திருமலையப்பன் திரையில் இரண்டு சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அதுவும் தென்காசி, இதுவும் தென்காசி.

“இது கடிதத்தோட வார்ப்புருவுல, எல்லாருக்கும் பொதுவான மாதிரியில, நான் எழுதினது. அது அன்பர்கள் அவங்கவங்க போன்ல பதிஞ்சது. ரெண்டும் ஒன்னா இருந்தா அந்த வரிய அச்சடின்னு சொல்லி வெச்சிருக்கேன். கம்ப்யூட்டர் ரெண்டும் ஒன்னு இல்லைங்குது.”

“எழுத்துப் பிழையா?”

“எழுத்து அச்சு அசல் ஒன்னுதான் அம்மா. வகைதான் வேற. நான் எழுதினது வீட்டுப் பிள்ளை மாதிரி. வெளியிலருந்து வந்தது வெளியாள். அதுல வில்லங்கம் ஏதாவது இருக்கலாம்னு அதுக்கு ஒரு உறை போட்டு வெச்சிருக்கும். ஒப்பிடும்போது முதல்ல வகையப் பாக்கும். வகை வேறன்னா அங்கேயே சமமில்லைன்னு சொல்லிரும்.”

“எழுத்தைப் பாக்காமலேயா?”

திருமலையப்பன் நிமிர்ந்து பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது.

“இதே கேள்விய ஒருத்தன் என்கிட்ட கேட்டான் அம்மா. ரொம்ப வருஷம் ஆச்சு.”

அம்மையார் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

அந்த ஒருத்தன் பெயர் சவரிமுத்து. தூத்துக்குடிக்காரன். திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றின் மாடி அறையில், இருவருமாகச் சேர்ந்து, இப்போது ஆசிரமக் கடிதத்தைத் தயாரித்த இதே வார்ப்புரு நிரலை எழுதினார்கள். இருந்தது ஒரே கம்ப்யூட்டர். ஒருவன் தூங்கும்போது மற்றவன் தட்டுவான். சவரி ஊரிலிருந்து டப்பா நிறைய மக்ரூன் கொண்டுவருவான். அதைத் தின்றுகொண்டே தட்டுவான். கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினால் ஒரு ஆளுக்குக் காலை ஆகாரம் விழும். திருமலையப்பன் திட்டுவார், பிறகு அவரும் கை நீட்டுவார்.

“அவனுக்குக் குரல் பெருசு அம்மா. கீழ டீக்கடையில நின்னு ‘லேய் திருமலை’ன்னு ஒரு சத்தம் போடுவான். மேன்ஷன்ல அத்தனை ஜன்னலும் திறக்கும். நிரல் ஓடி முடியற வரைக்கும் பாட்டுப் பாடிட்டே இருப்பான். சுருதி சுத்தமா இருக்காது. ஆனா அந்தப் பாட்டு இல்லாம எனக்கு வேலை ஓடாது.”

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

“அப்படி ஒரு காலம் எனக்குத் திரும்ப வரவே இல்லை. அப்புறம் பெரிய ஆபீஸ், தனி அறை, தனி ஏசி, எல்லாம் வந்துச்சு. அது மட்டும் வரல.”

“என்ன ஆச்சு?”

“இந்த விதிதான் ஆச்சு. வகையப் பாரு, எழுத்தைப் பாக்காதேன்னு விதி போட்டவன் நான். அவன் ஒத்துக்கல. ‘எழுத்தைப் பாக்காமலே எப்படிலே வேறன்னு சொல்லுவே?’ன்னான். ராப்பகலா சண்டை. ஒருநாள், நிரலை வாங்க வந்தவங்க முன்னாலயே, ‘இவன் மனுசனையே உறை போட்டுத்தான் பாப்பான்’னுட்டான். வந்தவங்க எல்லாரும் சிரிச்சாங்க. நான் என் பெட்டிய எடுத்துட்டுக் கிளம்பிட்டேன்.”

“அவர் வருத்தப்படலையா?”

“பட்டானாம். பொதுவான சிநேகிதன் ஒருத்தன் கல்யாண வீட்டுல வெச்சுச் சொன்னான். அவன் வாயால வரலையேன்னு விட்டுட்டேன். ஒரு புது வருஷத்துக்கு அட்டை அனுப்பினான். கடையில அச்சடிச்ச வாழ்த்து, கீழ கையெழுத்து. அதையும் கணக்குல சேக்கல. ‘நான் பேசினது தப்புடே’ன்னு ஒரே ஒரு வரி. அதை அவன் குரல்ல கேக்கணும். அதுக்குத்தான் அம்மா இருந்தேன்.”

அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

“இன்னைக்குக் காலையில இது வந்துச்சு. அவன் மக அனுப்பியிருக்கா.”

அவர் நீட்டிய போனை வாங்கி அம்மையார் படித்தார். அப்பாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகிவிட்டது, இனிமேல் பேச்சு வராது என்று மகள் எழுதியிருந்தாள். அப்பாவைக் கொல்லத்துக்குத் தன் வீட்டோடு அழைத்துப்போகிறாள். மதியத்துக்கு மேல் ரயில் தென்காசியில் கொஞ்ச நேரம் நிற்கும். அதற்குக் கீழே, அப்பா சொல்லச் சொன்னது என்று போட்டு ஒரு வரி: ‘நான் பேசினது தப்புடே. ஸ்டேஷனுக்கு வாறியா?’

“நீங்க கேட்ட வரிதானே ஐயா?”

“எழுத்து அதேதான். ஆனா அவன் சொன்னானா, அப்பா மேல பாசத்துல இவளே எழுதினாளா, எனக்கு எப்படித் தெரியும்? அந்தக் குரலைக் கேக்கத்தானே இத்தனை வருஷம் உக்காந்திருந்தேன். இப்போ அந்தக் குரலே இல்லைங்கறா.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“அம்மா, நீங்க சொல்லுங்க. அவன் வாயால சொல்றதும், அவன் மக எழுதறதும் ஒன்னா?”

அம்மையார் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“முதல்ல நம்ம கடிதத்தைச் சரி பண்ணுங்க.”

“இப்பவா?”

“இப்பதான். தென்காசிக்காரங்க நம்ம மேல கோவமா இருப்பாங்க.”

திருமலையப்பனுக்கு எரிச்சல் வந்தது. இருந்தாலும் குரு சொன்னால் சொன்னதுதான். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையின் பக்கம் திரும்பினார்.

“எதை மாத்துவீங்க?” என்றார் அம்மையார். “வெளியிலருந்து வந்த தென்காசியையா?”

“அதை நாம ஒன்னும் செய்யறதுக்கில்லை அம்மா. அது வந்தபடிதான் இருக்கும். அவங்களுக்கு எந்த வழி இருந்துச்சோ அந்த வழியா அனுப்பியிருக்காங்க.”

“அப்போ?”

“நம்ம விதியத்தான் மாத்தணும். சமமான்னு கேக்கிற நேரத்துல மட்டும், உறையைப் பிரிச்சு எழுத்தைப் பாருன்னு சொல்லணும்.”

“உள்ள வில்லங்கம் இருக்கலாம்னீங்களே?”

“அச்சடிக்கும்போதுதான் ஆபத்து. அப்போ உறை இருக்கட்டும். ஒப்பிடும்போது அது எதுக்கு?”

“இது அந்தக் காலத்துலயே உங்களுக்குத் தெரியாதா?”

திருமலையப்பனின் விரல்கள் கீபோர்டின் மேல் நின்றன.

“சவரி சொன்னதே இதைத்தான் அம்மா.”

அவர் மாற்ற வேண்டியதை மாற்றினார். அதிக வேலை இல்லை, ஒரு சின்னத் திருத்தம்தான். மேன்ஷன் அறையில் ராப்பகலாகச் சண்டை போட்டது இந்தச் சின்னத் திருத்தத்துக்காகத்தான். சோதனைக்கு யார் பெயரைப் போடுவது என்று யோசித்தார். ஆசிரமத்தில் சேர்ந்த புதிதில் அவரும் தன் போனில் பெயரையும், தென்காசி என்று ஊரையும் பதிந்திருந்தார். அதையே எடுத்துப் போட்டார்.

பிரிண்டர் முனகிக்கொண்டு ஒரு தாளைத் தள்ளியது. அம்மையார் அதை எடுத்து வாய்விட்டுப் படித்தார்.

“அன்புள்ள திருமலையப்பன் அவர்களுக்கு. நலமாக இருக்க வாழ்த்துகிறோம்.”

கொஞ்சம் நிறுத்தினார்.

“பக்கத்தில்தான் இருக்கிறீர்கள், சாப்பிட வந்துவிடுங்கள்.”

தாளை அவர் கையில் கொடுத்துவிட்டு அம்மையார் எழுந்து போய்விட்டார்.

திருமலையப்பன் வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அறைக்குப் போய் முகம் கழுவினார். தோய்த்த சட்டையை எடுத்துப் போட்டார். அது நன்றாக இல்லை என்று வேறொன்றை மாட்டினார். பெண் பார்க்கப் போகிறவர் கெட்டார்.

அவர் வெளியே வந்தபோது அம்மையார் பந்திக் கூடத்தில் இருந்தார். நேற்று மிஞ்சிய வாழை இலைகளை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“போயிட்டு வாறேன் அம்மா.”

“நல்லது. ஆட்டோ சொல்லட்டுமா?”

“வேண்டாம். நடந்தே போயிருவேன்.”

சொன்னாரே தவிர, வாசற்படியில் நின்றுவிட்டார். செருப்பை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார்.

“என்ன ஐயா?”

“பயமா இருக்கு அம்மா.”

“எதுக்குப் பயம்?”

“வண்டி நிக்கறதே கொஞ்ச நேரம். அவனால பேச முடியாது. ஜன்னல் பக்கம் உக்காந்து என் மூஞ்சியைப் பாத்துட்டு இருப்பான். இத்தனை வருஷமா அவன்தான் பேசணும்னு இருந்தவன் நான். நான் என்ன பேசறதுன்னு ஒருநாளும் நினைச்சுப் பாக்கல. அங்க போய் நின்னுக்கிட்டு நான் என்னத்தைச் சொல்ல?”

அம்மையார் இலைக்கட்டைக் கீழே வைத்தார்.

“கேக்கணும்னு காத்திருந்தீங்களே, ஒரு வரி. அதையே சொல்லுங்க.”