மதிலில் எழுதிய கடைசி வரி

"எழுநூறு பக்கம், தோழர். எம்பேரு ஒரு ஓரத்துலகூட இல்லையே?"

இருளப்பன் புத்தகத்தைப் பாயில் பொத்தென்று போட்டார். கவிஞர் ஆழியனின் முழுத் தொகுப்பு. வெளிவந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

ஆழியன் டீயில் ரஸ்க்கை நனைத்துக்கொண்டிருந்தார்.

"மொதல்ல இதைக் குடிங்க. உங்க கோவம் ஆறாது. டீ ஆறிரும்."

"சிரிக்காதீங்க. உங்க கவிதையைச் சுவத்துல எழுதிப் பதினோரு மாசம் ஜெயில்ல கெடந்தவன் நான். ஆழியனோட சீடன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். எவனும் நம்பலை. புத்தகம் வரட்டும், காட்டுறேன்னு சவால் விட்டேன். இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஊருக்குப் போவேன்?"

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அந்த நாளில் ஆழியன் தலைமறைவு. அவர் கவிதை எழுதிய தாளோடு சிக்கினால் ஜெயில்தான். ஆகவே அவர் வாயால் சொல்வார். கேட்டவர்கள் நெஞ்சில் ஏற்றிக்கொண்டு போய், ஷிப்ட் மாறும் சந்தடியில் ஆலை மதிலில் எழுதுவார்கள்.

"உள்ள இருக்கிற கவிதைங்களப் படிச்சீங்களா?"

"நான் எதுக்குப் படிக்கணும்? அத்தனையும் மனப்பாடம்."

ஆழியன் ஒரு பக்கத்தைப் புரட்டி நீட்டினார். இருளப்பன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆலை வாசலில் தொழிலாளர் கூட்டத்தில் படிப்பதுபோல் உரக்கப் படித்தார்.

ஆலைச் சங்கு ஊதியது.
சூரியன் வேலைக்கு வரவில்லை.
மேஸ்திரி வானத்தின் கதவைத் தட்டினான்.
உள்ளே அது காய்த்த கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தது.

கடைசி வரியை விரலால் தொட்டு மறுபடி படித்தார்.

"தோழர், இது தப்பு. கடைசி வரி உங்களோடது இல்லை."

"அப்ப யாரோடது?"

இருளப்பன் தலை கவிழ்ந்தார். முப்பத்தாறு வருஷமாக ஒருவரிடமும் சொல்லாதது.

"போலீஸ் லாரி திரும்புறதப் பாத்தேன். பயத்துல நீங்க சொன்ன வரி மறந்துபோச்சு. கவிதையை அந்தரத்துல விட மனசில்லை. வாயில வந்ததை எழுதிட்டேன். முடிச்சதும் பிடிச்சுட்டாங்க. மன்னிச்சிருங்க. அடுத்த பதிப்புல எடுத்துருங்க."

"நீங்களா சொல்வீங்கன்னு இத்தனை வருஷமாப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"தெரியுமா உங்களுக்கு?"

"மறுநாள் மீசையை எடுத்துட்டு அந்த மதிலப் பாக்கப் போனேன். வாசல்ல நின்ன பொம்பளைங்க அந்த வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. ஒருத்தி தன் உள்ளங்கையை விரிச்சுப் பாத்தா. அதுக்கப்புறந்தான் எனக்கு எழுதவே தெரிஞ்சுது, தோழர்."

இருளப்பன் அந்தப் பக்கத்தின் மேல் கையை வைத்தார். எடுக்க மனம் வரவில்லை. அப்படியே கேட்டார்.

"அன்னைக்கு நீங்க சொன்ன வரி என்னது?"

ஆழியன் யோசித்துப் பார்த்தார். உண்மையாகவே யோசித்தார்.

"ஞாபகம் இல்லை" என்றார்.