விலாங்கு ருசி பார்த்த ஆறு

ஆறு கடலோடு சேரும் ஒரு கழிமுகத்தில் நீர்நாய்க் கூட்டம் ஒன்று இருந்தது. அந்த வருஷம் அங்கே தண்ணீர் பாசி பிடித்துப் பச்சைப்பசேலென்று ஆகிவிட்டது. விடிந்தால் போதும், மீன்கள் மேலே வந்து மூச்சுக்குத் தவித்தன. செத்தும் மிதந்தன. மீன் இல்லையென்றால் நீர்நாய்க்கு ஏது சாப்பாடு?

தலைவர் நீர்நாய் கூட்டம் போட்டது. கூட்டத்தில் கேட்கவேண்டுமா, ஆளுக்கொரு பேச்சு! கடைசியில் கரை மரங்களில் கூடு கட்டியிருந்த கூழைக்கடாப் பறவைகள் மேல் பழி விழுந்தது. அவற்றின் எச்சம் தண்ணீரில் விழுகிறதாம், அதுதான் பாசிக்கு உரமாம். கூடுகளைத் தள்ளிவிடுவது என்று முடிவானது. குஞ்சுகளுக்கு இன்னும் பறக்கத் தெரியாது. தாய்ப்பறவைகள் கெஞ்சின. யார் கேட்டார்கள்?

அப்போது பாறைப் பொந்திலிருந்து ஒரு விலாங்கு மீன் தலையை நீட்டி, "கொஞ்சம் பொறுங்கள் தலைவரே. நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்றது. நீர்நாய்க்கு விலாங்குக் கறியென்றால் உயிர். அதன் எதிரிலேயே வந்து பேசியதே, என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!

"அந்தப் பறவைகள் உன்னையும்தானே தின்கின்றன? உனக்கென்ன அக்கறை?" என்றது தலைவர்.

"தின்னட்டும். காரணம் தப்பாக இருந்தால் தண்ணீர் தெளியாதே."

சரி, திரும்பி வரும்வரை பொறுப்பதாகத் தலைவர் ஒப்புக்கொண்டது.

விலாங்கு கடல் வாயிலிருந்து ஆற்றை எதிர்த்து நீந்தியது. வளைவுக்கு வளைவு நின்று தண்ணீரை ருசி பார்த்தது. மரங்களுக்குக் கீழே உர ருசி இருந்தது. அத்தோடு திரும்பியிருந்தால் பறவைகள் கதை முடிந்திருக்கும். அது திரும்பவில்லை. மரங்களைத் தாண்டி மேலே போனால் ருசி இன்னும் கடுமை! நெல்வயல் வாய்க்கால் வந்து கலக்கும் இடத்தில் நாக்கே எரிந்தது. வயலில் கொட்டிய யூரியாவெல்லாம் அங்கேதான் இறங்கிக்கொண்டிருந்தது.

வயல் நேற்று வந்ததா என்ன? இத்தனை வருஷம் தெளிந்திருந்த ஆறு இப்போது ஏன் கெட்டது? விலாங்கு விடவில்லை. வாய்க்காலடியில் கோரை மண்டிய சேற்றோடை ஒன்று மண்கரையால் அடைபட்டுக் கிடந்தது. முன்பெல்லாம் வயல் தண்ணீர் அதன் வழியாகத்தான் ஆற்றுக்கு வந்தது. இப்போதும் அந்தக் கரை வழியே ஓடைக்குள் கசிந்து போன கொஞ்சம் வயல் தண்ணீர் மறுபக்கம் வரும்போது அதில் உர ருசியே இல்லை. சேற்றில் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள் அந்த உரத்தைக் காற்றாக்கிக் குமிழி குமிழியாக வெளியே விட்டுக்கொண்டிருந்தன.

அடைத்தது யார்? சேறு நாறுகிறதென்று போன கோடையில் நீர்நாய்களே அடைத்திருந்தன. உத்தரவு தலைவருடையது.

விலாங்கு திரும்பி வந்து தலைவர் முகத்துக்கு நேரே அதைச் சொன்னது. கூட்டம் உறுமியது. தலைவர் மட்டும் மேலே நீந்திப் போய், ஒவ்வொரு வளைவிலும் தானே குடித்துப் பார்த்தது. பிறகு முதல் ஆளாக ஓடையை அடைத்த கரையைத் தோண்டியது.

தண்ணீர் மெதுவாகத்தான் தெளிந்தது. அதற்குள் குஞ்சுகள் பறக்கப் பழகிவிட்டன.

பகையாளி மேல் விழுந்த பழியானாலும் அது மெய்தானா என்று கடைசிவரை போய்ப் பார்க்கிறவரால்தான் ஊர் பிழைக்கும்.