பளபளவென்று ஒரு டை ராடு

"மாஸ்டர், வண்டி மேல ஒரு குத்தமும் இல்லை. ஓட்டினவர் மேலதான். எழுதிக் கொடுத்துடட்டுமா?"

கேட்டவர் சென்னியப்பன். வயது ஐம்பத்து நாலு. இருபத்தைந்து வருஷம் பொறியியல் கல்லூரியில் உலோகப் பாடம் நடத்திவிட்டு, பழைய கார்கள் மேல் பித்துப் பிடித்து, போத்தனூர்ப் பட்டறை ஒன்றில் சிஷ்யனாகச் சேர்ந்தவர்.

பதில் சொல்ல வேண்டியவர் பிலோமினா. வயது முப்பத்தாறு. குரு.

சிஷ்யன் குருவை "மாஸ்டர்" என்பார். குரு சிஷ்யனை "சார்" என்பார். பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்கள் யாருக்கு வணக்கம் வைப்பதென்று குழம்பி, நடுவில் நிற்கும் ஜாக்கிக்கு வைத்துவிட்டுப் போவதுண்டு.

பிலோமினா காரைப் பார்த்தார்.

நாற்பத்தேழாம் வருஷத்துக் கறுப்புக் கார். தேங்காய் ஏற்றிய டெம்போ ஒன்றோடு நெகமம் வளைவில் முட்டியிருந்தது. முகத்தின் இடது பக்கம் முழுக்க உள்ளே போயிருந்தது. பல்வலிக்காரர் கன்னத்தில் கை வைத்த மாதிரி ஒரு நிற்பு.

காருக்குப் பக்கத்தில், ஒரு பழைய டயர் மேல் ஆறுச்சாமி உட்கார்ந்திருந்தார். முப்பத்தோரு வருஷமாக அதை ஓட்டியவர். மூன்று நாளாக, எல்லாருக்கும் டீ வாங்கிவர அந்த டயரை விட்டு எழுந்தாலும், உடனே திரும்பி வந்து அதே டயரில்தான் உட்காருவார்.

காரின் சொந்தக்காரர் கோகுலநாதன் இறக்கிவிட்டுப் போகும்போதே சொல்லியிருந்தார். தகர டப்பாவில் கூழாங்கல் உருட்டுகிற குரல் அவருக்கு.

"கோளாறு வண்டிக்குங்களா, ஆறுச்சாமி கண்ணுக்குங்களா? ரெண்டுல ஒண்ணு சொல்லிப்போடுங்க. கண்ணுன்னா வேற ஆளப் போட்டுக்கறேன். சாவிய இனி அவரு தொட வேண்டாம்."

இன்று சாயங்காலம் பதிலுக்கு வருகிறார்.

"என்ன பார்த்தீங்க, சார்?" என்றார் பிலோமினா.

சென்னியப்பன் மூன்று பக்க அறிக்கையை எடுத்து, தொண்டையைச் செருமி, வகுப்பறைக் குரலில் ஆரம்பித்தார். "ரேடியேட்டர் சிதைவு. இடது மட்கார்டு மடிப்பு. ஸ்டியரிங் சொல்றதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோற டை ராடு, ரெண்டு துண்டு. இவை யாவும் மோதலின் விளைவாக..."

"எது முதல்ல உடைஞ்சது?"

"எல்லாம் ஒரே நேரத்துலதான், மாஸ்டர்."

"கல்யாணப் பந்தியா சார், எல்லாரும் ஒண்ணா உக்கார?"

சென்னியப்பன் அறிக்கையில் தேடினார்.

பிலோமினா டயர் பக்கம் திரும்பினார். "அண்ணா, வண்டி உங்ககிட்ட என்ன பேசுச்சு?"

ஆறுச்சாமிக்குக் கூச்சம். வாத்தியார் சென்னியப்பனை ஒரு தரம் பார்த்தார்.

"சும்மா பேசிக் காட்டுங்க."

"நேராப் போறப்ப 'ம்ம்ம்'னு தூங்கற மாதிரி போகுமுங்க, அம்மணி. ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடிச்சா மட்டும்..." உதட்டைக் குவித்து, தொண்டைக்கு அடியிலிருந்து கொண்டுவந்தார். "ணுக்... ணுக்..."

சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அறிக்கையால் மறைத்துக்கொண்டார்.

பிலோமினா சிரிக்கவில்லை. "ணுக்கா? ணொக்கா?"

"ணுக்குங்க. மூணு மாசமா. மொதலாளிகிட்டச் சொன்னேனுங்க." ஆறுச்சாமியின் குரல் திடீரென்று தகர டப்பாவாக மாறியது. "'வயசான வண்டி முனகத்தான் செய்யும், நீயும்தான் முனகறே'ன்னுட்டாருங்க."

"அன்னைக்கு?"

"வளைவுல ஒடிச்சேன். ணங்குன்னு ஒரே சத்தம். ஸ்டியரிங் திரும்புது, சக்கரம் திரும்பல. அப்புறம்தானுங்க டெம்போ."

"மாஸ்டர்," என்றார் சென்னியப்பன், கொஞ்சம் தாழ்ந்த குரலில். "வேலை போயிடும்னா யாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. வாய்ச்சொல்லை வெச்சு அறிக்கை எழுத முடியுமா?"

"முடியாது. அந்த டை ராடைக் கொண்டுவாங்க."

சென்னியப்பன் உற்சாகமாக ஓடினார். பட்டுத்துணியில் நகை எடுத்து வருகிற மாதிரி கொண்டுவந்து நீட்டினார். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கம்பி பிரஷ் போட்டு, எமரித் தாளால் ஒரு மணி நேரம் தேய்த்தது. முறிந்த முகம் வெள்ளி டம்ளரின் அடிப்பாகம் போல மின்னியது.

பிலோமினா அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு அந்த முறிந்த முகத்தைச் சென்னியப்பனின் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

"என்ன தெரியுது?"

சென்னியப்பன் குனிந்து பார்த்தார்.

"என் மூக்கு, மாஸ்டர்."

"தேய்க்கறதுக்கு முன்னாடி?"

"அழுக்கு. ஒரு ஓரத்துல பிறை மாதிரி பழுப்பா ஒண்ணு. அதுதான் போகவே இல்லை. அங்கதான் ரொம்ப நேரம் தேய்ச்..."

அவர் நிறுத்தினார்.

இருபத்தைந்து வருஷம் கரும்பலகையில் அவரே எழுதிய பாடம். புதிதாக முறிந்த இரும்பு உள்ளே வெளுத்திருக்கும். முறிவுக்குள்ளே துரு இருந்தால், விரிசல் பழசு. ஐந்து மதிப்பெண் கேள்வி.

"மறு துண்டு?" என்று கேட்டார் பிலோமினா.

"அதையும் தேய்ச்சுட்டேன், மாஸ்டர்."

ஆறுச்சாமி அந்தப் பளபளப்பைப் பார்த்தார். அவருக்கு உலோகப் பாடம் தெரியாது. ஆனால் என்ன போயிற்று என்று புரிந்துவிட்டது.

"விடுங்க வாத்தியாரே," என்றார். "அழுக்கா இருந்தா தொடைக்கத்தானே தோணும்."

சென்னியப்பனுக்கு அதற்குப் பதில் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

வாசலில் கோகுலநாதன் வந்து நின்றார்.

"என்னங் சார், வண்டியா, கண்ணா?"

சென்னியப்பன் குருவைப் பார்த்தார். குரு ஒரு ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

"வண்டிங்க," என்றார் சென்னியப்பன். "இந்தக் கம்பி முன்னாடியே விரிஞ்சிருந்தது. திருப்பறப்ப முறிஞ்சது. முறிஞ்சதால இடிச்சது."

கோகுலநாதன் துண்டை வாங்கிப் புரட்டினார். "புதுசு கணக்கா மின்னுதுங்களே. எங்கீங்க விரிசல்?"

"நான் தேய்ச்சு அழிச்சுட்டேன்."

"என்னங்க?"

"துரு இருந்தது. நான்தான் பார்த்தேன். அழுக்குன்னு நினைச்சேன். பாடம் நடத்தினவன் நான், எனக்கே உறைக்கலை. இதை எங்க வேணாலும் சொல்லுங்க, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்." மூன்று பக்கத்தையும் நாலாக மடித்துப் பைக்குள் திணித்தார். காது ரெண்டும் சிவந்திருந்தது.

கோகுலநாதன் அந்தக் காதுகளைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். டயர் மேல் இருந்தவரைப் பார்த்தார். கூழாங்கல் உருளவில்லை.

சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து ஆறுச்சாமியிடம் நீட்டினார்.

ஆறுச்சாமி எழுந்து, இடது கையால் வாங்கப் போனார். சட்டென்று வெட்கப்பட்டு, வலது கையைத் தோளில் தொங்கிய துண்டுக்கடியிலிருந்து மெல்ல எடுத்தார். மணிக்கட்டு நாவற்பழ நிறத்தில் கன்றி வீங்கியிருந்தது. விரல்கள் மடங்கவில்லை.

"கையில என்ன, ஆறுச்சாமி?"

"இடிச்சப்பப் பெரண்டுக்கிச்சுங்க."

"ஏன் சொல்லலே?"

"யாரும் கேக்கலீங்க."

டீயை இடது கையால் நீட்டுகிறாரே, மரியாதை தெரியாத மனுஷன் என்று மூன்று நாளாக முகம் சுளித்துக்கொண்டே வாங்கிக் குடித்தவர் சென்னியப்பன்.