காத்துல உத்தரவு கேட்ட பக்கிரிசாமி

ஒரு ஊர்ல ஒரு ரேடியோக்காரரும் அவர் பொண்டாட்டியும் இருந்தாங்க. ரேடியோன்னா பாட்டுப் பாடுற ரேடியோ இல்லடி, பேசுற ரேடியோ. நாம பேசினா அங்க கேக்கும், அங்க பேசினா நமக்குக் கேக்கும். கம்பி கெடையாது, பில்லு கெடையாது. ஹாம் ரேடியோன்னு பேரு. கால நீட்டிப் படு, என் முந்தானையப் புடிச்சு இழுக்காத. ம் கொட்டணும், தெரியுதா? இல்லன்னா நான் என்ன செவுத்துக்கிட்டயா கதை சொல்றது?

ம்.

அப்படி. அவர் பேரு பக்கிரிசாமி. மோட்டாருக்குக் காயில் கட்டுறது தொழிலு. அவ பேரு அம்சவல்லி, தையக்காரி. கோடிமேடுன்னு கடலோரத்து ஊரு. ரெண்டு பேரும் சேந்து படிச்சு, பரீட்சை எழுதி, கவர்மெண்டுகிட்ட லைசென்ஸ் வாங்கினவங்க. சம்பளமா? மண்ணாங்கட்டி! கைக்காசப் போட்டு பேட்டரி வாங்குவாங்க. புயல் வந்தா போனு செத்துப்போவும், கரண்டு செத்துப்போவும், ரோட்டுல மரம் விழுந்து கெடக்கும். அப்போ எங்க யாரு மாட்டிக்கிட்டா, எங்க தண்ணி ஏறுது, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு சொல்றதுக்கு ஆளு வேணும்ல? அதுக்குத்தான் கரை நெடுக அங்க ஒருத்தர் இங்க ஒருத்தர்னு இவங்க இருந்தாங்க.

ஊர்ல கேலி பண்ணாதவன் கெடையாது. "என்ன பக்கிரி, பொண்டாட்டிகிட்டப் பேசுறதுக்குக்கூட லைசென்ஸா?"ம்பாங்க. அவரு சிரிச்சுக்கிட்டே, "ஆமாண்ணே, இல்லாட்டி பேசவே விடமாட்டேங்குறா"ம்பாரு. உள்ள தச்சுக்கிட்டு இருக்கற அம்சவல்லி, "வீட்டுக்குள்ள வாங்க, லைசென்ஸக் கிழிக்கிறேன்"னு கத்துவா. அப்படி ஒரு சோடி. கண்ணு பட்டுடுச்சோ என்னமோ.

இப்போ கவனமாக் கேளு. அந்த ரேடியோவுல ஒரு பட்டன் இருக்கும். அத அமுக்கினாத்தான் பேசலாம். அமுக்கிக்கிட்டு இருக்கறவங்களுக்கு ஒண்ணும் கேக்காது, விட்டாத்தான் கேக்கும். அப்புறம், ரெண்டு பேரு ஒரே நேரத்துல அமுக்கிட்டாங்கன்னு வையி, 'கீய்ய்ங்'னு ஒரு சத்தம்தான் வரும். கிட்டக்க இருக்கறவன் குரல் மேல ஏறிக்கும், தூரத்துல இருக்கறவன் குரல் அடியில அமுங்கிப்போவும். அதனால நடுவுல ஒரு ஆளு உக்காந்து, நீ பேசு, நீ பொறுன்னு ஒழுங்கு பண்ணணும். அதுக்கு நடு ஸ்டேஷன்னு பேரு. கோடிமேட்டுல அது அம்சவல்லிதான்.

பொறுன்னு சொன்னா பொறுக்கணும். அப்புறம், காவலுக்கு உக்காந்தவன் நடு ஸ்டேஷன்கிட்ட உத்தரவு கேக்காம எந்திரிச்சுப் போவக்கூடாது. ஏன்னா, அவன் இருக்கான்னு நம்பித்தானே ஊரு இருக்கு? சொல்லாமப் போயிட்டா, அவனுக்கு என்ன ஆச்சோன்னு இன்னொருத்தன் தேடிப்போயி அவனும் சாவான். இதயெல்லாம் அந்தக் கரையில எல்லாருக்கும் சொல்லிக்குடுத்ததே பக்கிரிசாமிதான். ஒரு தடவ ஒரு பயல் சொல்லாம டீ குடிக்கப் போயிட்டான்னு, அவன அழவச்சுட்டாரு மனுஷன்.

ம்.

அப்போ ஒரு கார்த்திகை மாசம் புயல் வந்துச்சு. விடியும்போதே வானம் நாவப்பழம் மாதிரி ஊதாவா இருந்துச்சாம். ஊரையெல்லாம் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போயிட்டாங்க. அங்க ரெஜினா டீச்சர் ஒரு ரேடியோவோட உக்காந்தாங்க. டவுன் ஆஸ்பத்திரியில ஹாஜா மைதீன்னு ஒரு தம்பி, இன்னொரு ரேடியோவோட. கடல் என்ன பண்ணுதுன்னு பாக்க ஆளு வேணுமே? பக்கிரிசாமி, முனையில இருந்த பழைய ஐஸ் கம்பெனி மாடிக்குப் போறேன்னாரு.

அம்சவல்லி ரெண்டு இட்லியப் பொட்டலம் கட்டிக் குடுத்தா. "போயிட்டு வாங்க"ன்னா. "வரேன்"னு சைக்கிள எடுத்துக்கிட்டுப் போனாரு.

அப்புறம் காத்து எறங்குச்சு பாரு. ஊஊஊன்னு வடக்கேருந்து. ஓடு பறக்குது, சடசட சடசட. தென்னமரம் முறியுது, மடார் மடார். அம்சவல்லி வீட்டுல ஏரியல் மாட்டின மூங்கில் கம்பத்தக் கட்டியிருந்த கயிறு அறுந்து, கம்பம் சாஞ்சு போச்சு. ஐயோன்னு வெளிய ஓடி, சேலத் தலைப்பக் கிழிச்சு அந்த மூங்கில ஜன்னலோட கட்டிட்டு வந்து உக்காந்தா. கையெல்லாம் ரத்தம்.

முதல் தடவ அவர் கூப்பிட்டாரு. கரகரகர. "வடகாத்துதான். பனமரம் வளையுது. கடல் இன்னும் கரைக் கல்லுக்கட்டத் தாண்டல."

"சரி, எழுதிக்கிட்டேன். சாப்பிட்டீங்களா?"

"இதெல்லாம் ரேடியோவுல கேக்கக்கூடாது."

"நடு ஸ்டேஷன் கேக்குது, பதில் சொல்லுங்க."

"சாப்பிட்டேன் தாயே."

ரெண்டாந்தடவ கூப்பிட்டப்போ காத்து டக்குனு நின்னு போயிருந்துச்சு. வெயில் அடிக்குது! குருவி கத்துது! ஊரே புயல் போயிடுச்சுன்னு நெனச்சுச்சு. அவரு கத்துனாரு: "யாரும் வெளிய வராதீங்க! இது புயலோட கண்ணு. கொஞ்ச நேரந்தான் இந்த அமைதி. அடுத்தது தெக்கேருந்து வரும், கடலத் தூக்கிக்கிட்டு வரும். பள்ளிக்கூடத்துக் கதவ உள்பக்கமாப் பூட்டச் சொல்லு!"

அம்சவல்லி ரெஜினா டீச்சருக்குச் சொன்னா. டீச்சர் கதவடியில உக்காந்து, "என்னத் தாண்டிப் போயிருவியா?"ன்னு ஆம்பளைங்கள அடக்கி வச்சாங்க. அன்னைக்குப் பக்கிரிசாமி சொன்ன அந்த ஒரு வார்த்தையில எத்தன உசிரு பொழச்சுதுன்னு கணக்கே இல்ல. ஒரே ஒருத்தன் மட்டும் பின்பக்கத்து ஜன்னல் வழியா எகிறி ஓடினான். தங்கராசுன்னு, மீன் புடிக்கிறவன். படகு போயிடுச்சோன்னு பாக்க ஓடினான். அவனப் பத்தி அப்புறம் சொல்றேன்.

ம்.

அப்போதான் டீச்சர் திரும்பக் கூப்பிட்டாங்க. "அம்சு, இங்க ஒரு பொண்ணுக்கு வலி வந்துடுச்சு. ரத்தம் நிக்கமாட்டேங்குது. டாக்டரக் கேளு, சீக்கிரம்!" டீச்சர் குரலு ஆஸ்பத்திரிக்கு எட்டாது. டீச்சர் சொல்றத அம்சவல்லி ஹாஜாவுக்குச் சொல்லணும், ஹாஜா டாக்டரக் கேக்கணும், டாக்டர் சொல்றது அதே வழியாத் திரும்பி வரணும். ஒரு வார்த்தை மாறினா ரெண்டு உசிரு.

அம்சவல்லி கண்ண மூடிக்கிட்டு காத மட்டும் தொறந்து வச்சிருந்தா. "இடப்பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வைக்கச் சொல்றாங்க... ஆமா, இடப்பக்கம்..." அப்போ, கீய்ய்ங்.

யாரோ உள்ள வர்றாங்க. யாருன்னு தெரியல, டீச்சர் குரல் மேல நிக்குது. அவ பட்டன அமுக்கி, "இடையில வர்ற ஸ்டேஷன், பொறுங்க"ன்னா.

கொஞ்ச நேரம் போச்சு. "கொழந்தை தலை தெரியுது அம்சு!" கீய்ய்ங்.

"பொறுங்கன்னு சொன்னேன்ல. அவசரம் ஓடுது. பொறுங்க."

அவளுக்கு ஒரு நொடி தோணுச்சு, இவரா இருக்குமோன்னு. தோணாம இருக்குமா? கட்டினவராச்சே. இவரா இருந்தா பொறுப்பாரு, ஊருக்கே பொறுக்கச் சொல்லிக் குடுத்தவரு இவரு பொறுக்காம யாரு பொறுப்பான்னு நெனச்சுக்கிட்டா. மூணாந்தடவயும் கீய்ய்ங்னு வந்துச்சு, ரொம்பச் சன்னமா. அவ பதிலே சொல்லல.

அப்புறம் டீச்சர் சத்தம் போட்டு அழுதாங்க. "பொறந்துடுச்சு! ரத்தம் நின்னுடுச்சு! பொம்பளப்புள்ள!" அந்தப் பக்கம் ஹாஜா சிரிக்கிறான். இவ கண்ணுலயும் தண்ணி. அதத் தொடச்சுக்கிட்டு, "காத்திருந்த ஸ்டேஷன், இப்ப வாங்க"ன்னா.

கர்ர்ர்ர்ர்.

"காத்திருந்த ஸ்டேஷன், வாங்க."

கர்ர்ர்ர்ர்.

"ஏங்க, நீங்கதானா? வாங்க, பேசுங்க."

ஒண்ணும் வரல. ஜன்னல் கதவு படார்னு அடிச்சுச்சு. காத்து திரும்பிடுச்சு, தெக்கேருந்து.

ம்.

அவ நம்பலடி. பேட்டரி போயிருக்கும்னா. ஏரியல் விழுந்திருக்கும்னா. அழுதுக்கிட்டே மத்தவங்க சேதியெல்லாம் வாங்கி வாங்கி அனுப்பினா, எடத்த விட்டு எந்திரிக்கல. காத்து அடங்கி, தண்ணி வடிஞ்சப்புறம்தான் தேடப் போனாங்க. ஐஸ் கம்பெனி இருந்த எடத்துல கல்லு மட்டும் கெடந்துச்சு. பக்கிரிசாமி சவுக்குத்தோப்புல கெடந்தாரு. என்னத்தச் சொல்றது போ. நல்லவனத்தான் கடலும் கேக்கும்.

எழவு வீட்டுக்கு அந்தத் தங்கராசு வந்தான். பொழச்சு வந்திருந்தான் அவன். வாசல்லயே உக்காந்து தலையில அடிச்சுக்கிட்டு அழுதான். வெள்ளந்திப் பய, என்ன சொல்றோம்னு தெரியாமச் சொல்லிட்டான்.

"நான் கூப்பிட்டேங்க்கா. கல்லுக்கட்டத் தாண்டித் தண்ணி ஏறுது, காத்து இல்லாதப்பவே வா பள்ளிக்கூடத்துக்கு ஓடிரலாம்னு ஐஸ் கம்பெனிக்குக் கீழேருந்து கத்துனேன். 'உத்தரவு கேட்டிருக்கேன் தங்கராசு, பொறுக்கச் சொல்லியிருக்கு. யாருக்கோ பிரசவமாம். நீ ஓடு, நான் பின்னாடியே வரேன்'னாரு. 'யோவ், உம் பொண்டாட்டிதானய்யா அங்க இருக்குது, வந்து சொல்லிக்கலாம்'னேன். 'அதுக்காகத்தாண்டா பொறுக்கறேன், நானே மதிக்கலன்னா எவன் மதிப்பான்'னு சிரிச்சாருக்கா. என்னை ஓடு ஓடுன்னு வெரட்டுனாருக்கா."

அம்சவல்லி அழல. எந்திரிச்சு உள்ள போயி, ரேடியோ மேல ஒரு துண்டப் போட்டு மூடிட்டா. அவ செஞ்சது தப்பா, நீயே சொல்லு? அங்க ரெண்டு உசிரு கெடக்குது, இவ என்ன பண்ணுவா? தப்பு இல்லன்னு நானும் சொல்லுவேன், ஊரும் சொல்லுச்சு. ஆனா மனசு ஊரு சொன்னாக் கேக்குமா? தட்டுல சோறு போட்டா, "அவரு பொறுத்துக்கிட்டு இருப்பாரு"ன்னு எந்திரிச்சுருவா.

அந்த ரேடியோக்காரங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அவங்கள்ல ஒருத்தர் செத்துட்டா, காரியத்தன்னைக்கு எல்லா ஸ்டேஷனும் அமைதியா இருக்கும். நடு ஸ்டேஷன், செத்தவருக்கு லைசென்ஸுல குடுத்த ரேடியோப் பேரச் சொல்லி மூணு தடவ கூப்பிடும். பதில் வராதுன்னு தெரியும், தெரிஞ்சே கூப்பிடும். அப்புறம், உங்க ஸ்டேஷன மூடிக்கலாம்னு உத்தரவு குடுத்துரும். அதோட அந்தப் பேரு முடிஞ்சுது.

காரியத்துக்கு ஹாஜா வந்தான். "அக்கா, நீங்க விடுங்க. நான் கூப்பிடுறேன்."

"வேணாம் தம்பி. பொறுக்கச் சொன்னது நானு. போகச் சொல்றதும் நாந்தான் சொல்லணும்."

துண்ட எடுத்தா. உக்காந்தா. பட்டன அமுக்கி, அவர் ரேடியோப் பேரச் சொல்லிக் கூப்பிட்டா. விட்டா. கர்ர்ர்ர். கரை நெடுக எத்தன பேரு கேட்டுக்கிட்டு இருந்தாங்களோ, ஒரு இருமல் வரல. ரெண்டாந்தடவ கூப்பிட்டா. கர்ர்ர்ர். மூணாந்தடவயும் கூப்பிட்டா. பள்ளிக்கூடத்துல ரெஜினா டீச்சர் அந்தக் கொழந்தய மடியில வச்சுக்கிட்டு, அது அழுதா சத்தம் போயிருமோன்னு தன் ரேடியோவ விட்டு எட்ட உக்காந்திருந்தாங்களாம்.

அப்புறம் அம்சவல்லி கடைசியா ஒரு தடவ பட்டன அமுக்கினா. "நடு ஸ்டேஷன் பேசுறேன். ரொம்ப நேரம் காக்க வச்சுட்டேங்க. இனி பொறுக்க வேணாம். உங்க ஸ்டேஷன மூடிக்கலாம். உத்தரவு குடுத்தாச்சு." அப்புறம், "போயிட்டு வாங்க"ன்னா.

பக்கத்துல நின்ன பொம்பளைங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. செத்தவங்கள யாராவது அப்படிச் சொல்லி அனுப்புவாங்களா? ஒருத்தி தடுக்கப் போனா, ஹாஜா கையக் காட்டி நிறுத்திட்டான்.

எல்லாம் முடிஞ்சுது, ஆனா அம்சவல்லி பட்டன விடல. விட்டாத்தானே கேக்கும்? விட்டா அங்க யாரும் இல்லன்னு தெரிஞ்சு போயிருமே. அமுக்கிக்கிட்டு இருக்கற வரைக்கும் அவரு பதில் சொல்லிக்கிட்டு இருக்காரு, இவளுக்குத்தான் கேக்கலன்னு வச்சுக்கலாம்ல. அதனால விரல் வெளுத்துப்போக அமுக்கிக்கிட்டே உக்காந்திருந்தா. கரை நெடுக அத்தன பேரும் பொறுத்துக்கிட்டு இருந்தாங்க. ஒருத்தரும் போகல, ஒருத்தரும் அவள விடுன்னு சொல்லல.

அழுவாத கண்ணு, இங்க வா, என் பக்கத்துல ஒண்டிக்க. புயலும் ஓஞ்சுது, கதையும் கரைக்கு வந்துச்சு. கண்ண மூடு, தூங்கு.